பச்சை விளக்கு எரிந்ததும் என்ஜின் திணறுகிறதா?

1969 கமாரோ மாதிரி பழைய அமெரிக்க கார்களைக் கால் மைல் ரேஸ் டிராக்கில் ஓட்டுபவர்களுக்குப் பழகிய தொல்லை இது. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்ததும் என்ஜின் ஒரு கணம் திணறி, அப்புறம்தான் பாயும். உடனே பெரிய ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் துளையுள்ள திருகு) வாங்க ஓடாதீர்கள்.

முதலில் டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தைப் பார்த்துவிடுங்கள். செவ்ரோலெயின் ஸ்மால் பிளாக் V8 என்ஜின் என்றால் மொத்த அட்வான்ஸ் (பிஸ்டன் உச்சிக்கு வரும் முன்பே தீப்பொறி விழும் அளவு) பெரும்பாலும் 34 முதல் 36 டிகிரி. அது சரி என்றால், என்ஜினை அணைத்து ஆறவிட்டு, ஏர் கிளீனரைக் கழற்றி, ஹோலி கார்புரேட்டருக்குள் பார்த்தபடி திராட்டிலைக் கையால் திறவுங்கள். லிவர் அசைந்த அதே கணத்தில் பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். தாமதித்தால், அதைப் பீய்ச்சும் ஆக்சிலரேட்டர் பம்ப்பின் லிவரில் இடைவெளி விழுந்திருக்கிறது. பல வண்டிகளில் கோளாறு இவ்வளவுதான்!

பீய்ச்சியும் திணறினால், பீய்ச்சும் நாசிலின் அளவை 28-லிருந்து 31-க்கு ஒரு படி மட்டும் ஏற்றுங்கள். கறுப்புப் புகை வந்தால் இறக்கிவிடுங்கள்.

கிளம்பிச் சில அடி போன பிறகு திணறினால் கதை வேறு. பாயும் வேகத்தில் பெட்ரோல் பின்னால் ஒதுங்கி, கார்புரேட்டரின் பின்பக்கப் பெட்ரோல் கிண்ணத்தின் ஜெட்டுகள் காய்ந்துபோகும். அங்கே ஜெட் எக்ஸ்டென்ஷன் (ஜெட்டைப் பின்னோக்கி நீட்டும் சிறு குழாய்) போட வேண்டும்; அது இடிக்காதபடி வெட்டு உள்ள, கிண்ணத்தின் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையும் சேர்த்து வாங்குங்கள்.