கடல் எஞ்சின் சிலிண்டர் ஹெட்டைச் சரிசெய்து திரும்ப மாட்டுவது

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, ஹெட் போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். வால்வு, ஸ்பிரிங், புஷ் ராடு (வால்வைத் திறக்க உந்தும் கம்பி) எது எந்த சிலிண்டரைச் சேர்ந்தது என்று கழற்றும்போதே குறித்துவிடுங்கள், அவை பழைய இடத்துக்கேதான் திரும்பப் போக வேண்டும்.

கரியைச் சுரண்டியதும் முதலில் தண்ணீர் துவாரங்களின் விளிம்பைப் பாருங்கள். உப்புத்தண்ணீர் நேராக ஓடும் எஞ்சின் என்றால் அரிப்பு அங்கே கேஸ்கெட் (ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) உட்காரும் இடத்தையே தின்றிருக்கும். அப்புறம் ஸ்ட்ரெய்ட் எட்ஜை (நேரான விளிம்புள்ள பட்டை) ஹெட்டின் அடிப்பரப்பில் நீளவாக்கிலும் குறுக்காகவும் மூலைக்கு மூலையும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) எவ்வளவு நுழைகிறது என்று பாருங்கள்; மேனுவல் அளவைத் தாண்டினால் மெஷினிங் வேண்டும். வால்வு சீட்டுகளுக்கு (வால்வு மூடும்போது உட்காரும் வளையங்கள்) நடுவே விரிசல் சந்தேகம் இருந்தால் பிரஷர் டெஸ்ட் செய்யாமல் மாட்டவே மாட்டாதீர்கள்.

வால்வை அரைக்கும் பேஸ்ட் போட்டு சீட்டில் தேய்த்தபின், சீட்டில் சாம்பல் நிற வளையம் அறுபடாமல் தெரிய வேண்டும். பேஸ்ட் துளிகூட மிஞ்சக் கூடாது.

பலரும் கவனிக்காதது பிளாக்கின் போல்ட் துளைகளை. அடி மூடிய துளையில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருந்தால், போல்ட்டை முறுக்கும்போது அது போக வழியில்லாமல் பிளாக்கிலேயே விரிசல் விழலாம், டார்க் ரெஞ்சும் (முறுக்கு விசையை அளக்கும் ஸ்பேனர்) தவறான அளவு காட்டும். துளைகளைச் சுத்தமாகத் துடைத்து, புது கேஸ்கெட் வைத்து, நடுவிலிருந்து வெளியே போகும் வரிசையில் மேனுவல் சொல்லும் கட்டங்களாக முறுக்குங்கள். பிறகு வால்வு கிளியரன்ஸ் (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் இடையே விட வேண்டிய இடைவெளி) வைத்து, தண்ணீர் நிரப்பி, காற்றை வெளியேற்றி ஓடவிட்டு, கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.