'அது அவர்கள் கலாச்சாரம்' என்று சொல்வதற்கு முன்

சிங்கப்பூரில் பல இனத்தவரை ஒரே அறையில் உட்கார வைத்து, இனத்தைப் பற்றி மனம்விட்டுப் பேச வைக்கும் சந்திப்புகளைப் பதினேழு வருடமாக நடத்தி வருகிறேன். சமூக மன்றத்தில், பள்ளியில், சில சமயம் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் நாற்காலி போட்டு. போன மாதம் புதிதாகச் சேர்ந்த தொண்டூழியர்கள் முதன்முறையாக ஒரு சந்திப்பை நடத்தினார்கள். நான் பின்வரிசையில் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தேன். என் முதல் இரண்டு வருடத்தில் நான் செய்த தவறுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்முன்னே நடந்தன. வீட்டுக்கு வந்தும் மனம் ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

வசைச்சொல் பேசுவது, அடுத்தவர் உச்சரிப்பைக் கேலி செய்வது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. இந்த வேலைக்குத் தாமாக முன்வருகிறவர்கள் அதையெல்லாம் செய்வதில்லை. நல்ல மனதோடு செய்கிற தவறுகளைத்தான் சொல்கிறேன்.

சாப்பாடு, உடை, விழா என்று ஆரம்பிப்பது

ஆரம்பித்தால் அங்கேயே முடிந்துவிடும். வேண்டாம்.

ஒருவரை இனத்துக்கே பேச வைப்பது

"இதைப் பற்றி இந்தியர்கள் என்ன நினைக்கிறீர்கள்?" அறையில் இருந்த ஒரே இந்தியப் பெண்ணைப் பார்த்து ஒரு தொண்டூழியர் கேட்டார். அந்தப் பெண்ணின் அப்பா மலையாளி, அம்மா சீனர். எந்த இந்தியருக்காகப் பேசுவது என்று தெரியாமல் அவர் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

'இந்தியர்' என்ற கட்டமே நிர்வாக வசதிக்காக வந்தது. 1891இல் சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் மக்கள்தொகைக் கணக்கெடுத்த ஆங்கிலேயர்கள், 'தமிழரும் இந்தியாவின் ஏனைய மக்களும்' என்று ஒரு தலைப்புப் போட்டார்கள். சீனர் ஒரு தலைப்பு, 'மலாய்க்காரரும் தீவுக்கூட்டத்தின் ஏனைய மக்களும்' இன்னொரு தலைப்பு. சீனரில் ஹொக்கியன் பேசுகிறவரும் கண்டோனீஸ் பேசுகிறவரும் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குப் புரியாத நிலையில் ஒரே பிரிவுக்குள் வந்தார்கள். ஜாவாக்காரரும் பூகிஸ்காரரும் மலாய்க்காரரோடு சேர்ந்தார்கள். சீனர், மலாய், இந்தியர், மற்றவர் என்று இன்று பள்ளிப் படிவத்தில் நாம் நிரப்பும் நான்கு கட்டங்கள் அந்த வழியில் வந்தவைதான். 2011இலிருந்து, கலப்புத் திருமணத்தில் பிறந்த குழந்தைகளுக்கு இரண்டு இனத்தையும் கோடு போட்டுச் சேர்த்துப் பதியலாம். அந்த ஒரு கோட்டுக்காகக் காத்திருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

இந்தியர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்காதீர்கள். "உங்களுக்கு என்ன நடந்தது?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல யாரும் ஓர் இனத்தைத் தோளில் சுமக்க வேண்டியதில்லை.

'அது அவர்கள் கலாச்சாரம்' என்று முடித்துவைப்பது

இதைத்தான் நீளமாகச் சொல்லப் போகிறேன். இத்தனை வருடம் கழித்தும் இந்த வாக்கியத்தைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

அன்றைய சந்திப்பில் ஒரு சீனப் பெரியவர் இருந்தார். எழுபதைத் தாண்டியவர். ஒன்றரை மணி நேரமும் கையைக் கட்டிக்கொண்டு வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். எல்லாரும் போன பிறகு தொண்டூழியர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு தங்கை சொன்னாள்: "சீனப் பெரியவங்க பொது இடத்துல மனசு திறக்க மாட்டாங்க, அக்கா. அது அவங்க கலாச்சாரம்." மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் அதைக் குறிப்பேட்டில் எழுதவும் செய்தார்.

நான் வேறொன்றைப் பார்த்திருந்தேன். சந்திப்பு முழுக்க ஆங்கிலத்தில் நடந்தது. முடிந்ததும் அந்தப் பெரியவர் தேநீர் மேசைக்குப் போனார். அங்கே நின்றிருந்த மலாய் மக்சிக்கிடம் (மலாயில் மூத்த பெண்மணியை அப்படித்தான் அழைப்போம்) பழைய பஜார் மலாயில் பேச ஆரம்பித்தார். கையை ஆட்டி ஆட்டி, சிரித்துச் சிரித்து, இருபது நிமிடம். அந்தத் தலைமுறைக்காரர் வீட்டில் ஹொக்கியனும் சந்தையில் மலாயும் பேசி வளர்ந்தவர். ஆங்கிலம் அவருக்கு எட்டாத மொழி. அவர் வாயை அடைத்தது நாம் தேர்ந்தெடுத்த மொழி. பழியை அவர் கலாச்சாரத்தின் மேல் போட்டுவிட்டோம்.

நானும் இதே தவறைச் செய்தேன், இதைவிட மோசமாக. இரண்டாவது வருடம் அது. ஆறு வாரத் தொடர் சந்திப்பு, பன்னிரண்டு பேர், மாலை ஏழு மணிக்கு ஆரம்பம். ஒரு மலாய் இளைஞர் மூன்று வாரம் தொடர்ந்து அரை மணி நேரம் தாமதமாக வந்தார். மூன்றாவது வாரம் அவர் கதவைத் திறந்தபோது யாரோ, "ஜாஞ்சி மெலாயு" என்றார். 'மலாய்க்காரன் வாக்கு' என்று பொருள், சொன்ன நேரத்துக்கு வராததைக் குத்திச் சொல்வது. மலாய்க்காரர்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரித்துக்கொள்ளும் சொல்தான், அடுத்தவர் வாயில் வந்தால் அதுவே குத்தும். அறை அமைதியானது. நான் நிலைமையைச் சமாளிப்பதாக நினைத்துக்கொண்டு, "ஒவ்வொரு கலாச்சாரத்திலும் நேரத்தைப் பார்க்கும் விதம் வேறு, அதை நாம் மதிக்க வேண்டும்" என்றேன். எங்கோ படித்திருந்தேன். பெருமையோடு சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் வரவில்லை. அவரோடு இன்னும் மூன்று மலாய்ப் பங்கேற்பாளர்களும் வரவில்லை. தொடர் அத்தோடு படுத்துவிட்டது.

மாதங்கள் கழித்து அவருடைய அக்காவை ஈரச்சந்தையில் பார்த்தேன். தம்பிக்கு ஜூரோங்கில் ஷிப்ட் வேலை, ஆறரைக்குத்தான் முடியும், அங்கிருந்து பஸ் பிடித்துச் சாப்பிடாமல்கூட நேரே உங்கள் கூட்டத்துக்குத்தான் வருவான் என்றார். ஏழு மணி என்று நேரம் குறித்தது நான். நகர மையத்தில் அலுவலக வேலை செய்தவர்களுக்கு எது வசதி என்று மட்டும் கேட்டுக் குறித்தேன். யார் யார் தாமதமாக வருவார்கள் என்பதை அந்த நேரமே தீர்மானித்துவிட்டது. 'ஜாஞ்சி மெலாயு' என்றவர் அவரைக் குத்தினார். நான் அந்தக் குத்தலுக்கு மரியாதையான பெயர் வைத்து, உண்மை என்று முத்திரையும் குத்திக் கொடுத்தேன். அந்த இளைஞரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

இந்தத் தவறு நம் வட்டாரத்தில் நூற்றாண்டு கண்டது. காலனிக் காலத்து அதிகாரிகளும் தோட்ட முதலாளிகளும் மலாய்க்காரரைச் சோம்பேறி என்று எழுதிவைத்தார்கள். சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் மலாய் ஆய்வுத் துறைத் தலைவராக இருந்த சையது ஹுசைன் அலாத்தாஸ், 1977இல் இதைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். மலாய் விவசாயிக்குச் சொந்த வயல் இருந்தது, மீன்பிடி இருந்தது. தோட்டத்தில் அந்தக் கூலிக்கு அந்த வேலையைச் செய்ய அவர் மறுத்தார். முதலாளிக்கு உழைக்க மறுத்தவருக்குச் சோம்பேறி என்று பெயர் வந்தது.

அந்தப் பெயர் தமிழர்களான நம்மையும் இங்கே கொண்டுவந்தது. மலாய்க்காரர் வரமாட்டார், சீனர் அதிகக் கூலி கேட்பார், தென்னிந்தியக் கூலி சொன்னபடி கேட்பான் என்பது தோட்டக்காரர்களின் நம்பிக்கை. அந்த நம்பிக்கைதான் ஆள்சேர்ப்பாக மாறியது. முதலில் ஒப்பந்தக் கூலி முறை, 1910இல் அது ஒழிக்கப்பட்ட பிறகு, கங்காணி என்ற மேஸ்திரி ஊருக்குப் போய் ஆள் சேர்த்துவரும் கங்காணி முறை. 1938இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதைத் தடை செய்யும்வரை நம்மவர்கள் அப்படித்தான் வந்தார்கள். வரிசையாகக் கட்டிய லயத்து வீடு, வெள்ளைக்காரத் துரை, கணக்கெழுதும் கிராணி, எஸ்டேட்டுக்கு உள்ளேயே கள்ளுக்கடை. பள்ளிக்கூடம் என்ற பெயரில் ஒரு கொட்டகை. ஒருவர் வாழ்க்கையை இப்படி வேலி போட்டு அடைத்துவிட்டு, அப்புறம் வேலிக்கு வெளியே நின்று, 'தமிழன் அடங்கிப் போவான், குடிப்பான், அது அவன் கலாச்சாரம்' என்றார்கள்.

1941இல் மலாயாவின் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் அந்த 'அடங்கிப் போகிறவர்கள்' வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் வைத்த கோரிக்கைகளை ஒவ்வொரு புதிய தொண்டூழியருக்கும் படித்துக் காட்டுவேன். சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி வேண்டும். பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு வேண்டும். எங்கள் பெண்களைத் தொந்தரவு செய்யக் கூடாது. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும்படி சொல்லக் கூடாது. கள்ளுக்கடையை மூட வேண்டும்.

ஆமாம், கள்ளுக்கடையை மூடச் சொன்னவர்கள் தொழிலாளர்கள். வேலைநிறுத்தத்தை வழிநடத்திய ஆர். எச். நாதன் கைதுசெய்யப்பட்டு நாடுகடத்தப்பட்டார். ராணுவம் வந்தது, உயிர்கள் போயின. என் பாட்டி அந்தப் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவர். தாத்தா சைக்கிளை விட்டு இறங்கியதை நேரில் பார்த்த ஞாபகம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. அதைச் சொல்லும்போதெல்லாம் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

கலாச்சாரம் என்று ஒன்று இல்லை என்று நான் சொல்லவில்லை. நாம் எப்படித் துக்கம் காக்கிறோம், யாருக்கு முதலில் சோறு போடுகிறோம், பெரியவர் முன்னால் எப்படி நிற்கிறோம் என்பதெல்லாம் கலாச்சாரம்தான். ஆனால் ஒருவர் நடந்துகொண்ட விதத்துக்குக் காரணம் கலாச்சாரம் என்று சொல்வதற்கு முன் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இந்த ஏற்பாட்டை யார் செய்தது? இதே இடத்தில், இதே நேரத்தில், இதே மொழியில் வேறு இனத்தவரை நிறுத்தினால் அவர் என்ன செய்வார்? இந்த விளக்கத்தை அவர் முகத்துக்கு நேரே சொல்லி, சரியா என்று கேட்டோமா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகும் கலாச்சாரம் மிஞ்சி நின்றால், சரி, அப்போது அதைப் பேசலாம்.

சேர்த்து உட்கார வைத்தால் போதும் என்று நம்புவது

1989இலிருந்து வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் புளோக்குகளில் இன ஒதுக்கீடு, அதாவது ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு வரம்பு, இருக்கிறது. தனித்தனி இனப் பேட்டைகள் உருவாகாமல் அது தடுத்தது. அதன் சுமையும் உண்மைதான்: சீன வரம்பு நிரம்பிய புளோக்கில் இருக்கும் இந்தியர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது, வாங்க வருகிறவர் குறைந்துவிடுவார். அது தனிக் கதை. இங்கே சொல்ல வந்தது, ஒரே மின்தூக்கியில் இருபது வருடம் போய்வந்தும் பெயர் தெரியாதவர்கள் எல்லாப் புளோக்கிலும் இருக்கிறார்கள் என்பது.

அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இலேயே இதைச் சொன்னார். வெறுமனே பக்கத்தில் இருப்பது முன்முடிவுகளைக் கரைக்காது. சமமான நிலை, பொதுவான இலக்கு, ஒருவர் கை இன்னொருவருக்குத் தேவைப்படும் வேலை, மேலிடத்தின் ஆதரவு, இந்த நான்கும் வேண்டும். 1971இல் டெக்சாஸின் ஆஸ்டினில் எலியட் ஆரன்சன் அதை வகுப்பறையில் செய்துகாட்டினார். கறுப்பின, வெள்ளையின, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளைச் சிறு குழுக்களாக்கி, பாடத்தைத் துண்டு துண்டாக்கி ஆளுக்கொன்று கொடுத்தார். அடுத்த பிள்ளை தன் துண்டைச் சொல்லித் தராமல் எவராலும் தேர்வெழுத முடியாது. திக்கித் திக்கிப் பேசும் பிள்ளையைக் கேலி செய்வதைவிட, அவனிடம் பொறுமையாகக் கேட்டு வாங்குவதுதான் லாபம் என்று பிள்ளைகளே கண்டுகொண்டார்கள்.

ஆகவே வட்டமாக நாற்காலி போடுவதோடு நிறுத்தாதீர்கள். சேர்ந்து செய்ய ஒரு வேலை கொடுங்கள்.

வாயால் சொன்னதை வைத்து எடைபோடுவது

1930களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் லாப்பியர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஓர் இளம் சீனத் தம்பதியோடு காரில் நாடு சுற்றினார். சீனர் மேல் அங்கே கடும் வெறுப்பு இருந்த காலம். 251 விடுதிகளிலும் உணவகங்களிலும் ஒன்றே ஒன்றுதான் அவர்களைத் திருப்பி அனுப்பியது. பிறகு அதே இடங்களுக்குக் கடிதம் எழுதி, சீனரை ஏற்பீர்களா என்று கேட்டார். பதில் எழுதியவர்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் மாட்டோம் என்றார்கள்.

இங்கே எனக்கு நேர்மாறாக நடந்தது. தொலைபேசியில் ஒரு வீட்டு முகவர் அன்பாகப் பேசினார், வாடகை சொன்னார், பார்க்க வரச் சொன்னார். கடைசியாக, "நீங்கள் என்ன இனம்?" என்று கேட்டார். சொன்னேன். வீடு அப்போதுதான் போய்விட்டதாம்.

கருத்துப் படிவத்தில் எல்லாரும் ஐந்துக்கு ஐந்து போட்டுவிட்டுப் போவார்கள். அடுத்த வாரம் யார் யார் பக்கத்தில் போய் உட்கார்ந்தார் என்று பாருங்கள்.

'நான் இனமே பார்ப்பதில்லை' என்பது

வீடு தேடி அலைந்தவர் முன்னால் இதைச் சொல்லாதீர்கள்.

நம் வீட்டை விட்டுவிடுவது

நம் தமிழ்த் தொண்டூழியர்கள் எப்போதும் பாதிக்கப்பட்டவர் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்துகொள்கிறார்கள். 2013 டிசம்பர் 8 ஞாயிற்றுக்கிழமை இரவு, லிட்டில் இந்தியாவில் தமிழ்நாட்டுத் தொழிலாளர் ஒருவர் தனியார் பேருந்து மோதி இறந்தார், கலவரம் வெடித்தது. மது ஒரு காரணம் என்று விசாரணைக் குழு பின்னர் சொன்னது, கட்டுப்பாடுகளும் வந்தன. கலவரத்துக்கு மறுவாரம் என் சொந்தக்காரர் வீட்டு விருந்தில், இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர்கள் பேசியது எனக்கு இன்றும் காதில் கேட்கிறது: "ஊர்க்காரங்க, அப்படித்தான் குடிப்பாங்க. நாம வேற." எஸ்டேட் துரை நம் தாத்தாக்களைப் பற்றிச் சொன்ன அதே சொற்கள். அன்று நான் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். இன்று புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாளே கேட்கிறேன்: உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மற்றவர்களைப் பற்றி என்ன சொல் புழங்குகிறது? முதலில் நான் என் வீட்டுச் சொல்லைச் சொல்வேன்.

அந்தத் தங்கையிடம் தேநீர் மேசையில் நான் பார்த்ததைச் சொன்னேன். முகம் வாடிப்போனாள். "அப்போ நான் அவர்கிட்ட என்ன கேட்டிருக்கணும், அக்கா?" என்றாள். எந்த மொழியில் பேசினால் உங்களுக்கு வசதி என்று கேட்டிருக்கலாம் என்றேன்.

அடுத்த சந்திப்புக்கு அவள் முன்கூட்டியே வந்து நாற்காலிகளை மாற்றிப் போட்டாள். பெரியவரை அந்த மக்சிக் பக்கத்தில் உட்கார வைத்தாள். அவர் மலாயில் சொல்ல, மக்சிக் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார். சீனருக்கும் மலாய்க்காரருக்கும் இடையே நடந்த 1964 ஜூலைக் கலவரத்தின்போது, தாம் வாழ்ந்த கம்பத்தில், அதாவது கிராமத்தில், ஒரு மலாய்க் குடும்பம் தம்மைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்ததைப் பெரியவர் சொன்னார். பாதியில் மக்சிக் நிறுத்தினார். அந்தக் கம்பத்தின் பெயர் என்ன என்று அவரிடமே திருப்பிக் கேட்டார்.