சுவிட்சைப் போடுவதற்கு முன் ஒரு கேள்வி

கரும்பலகையில் காட்ட முடிந்ததைத் திரையில் காட்ட வேண்டாம் என்பது என் கட்சி. பாடப்புத்தகத்தின் பத்திகளை அப்படியே ஸ்லைடில் ஏற்றி வாசிக்கிற வகுப்பில் கணினிக்கு வேலையே இல்லை. கண்ணுக்குத் தெரியாமல் நடப்பதைக் காட்டத்தான் அது வேண்டும். கம்பிக்குள் ஓடும் மின்னோட்டம் அப்படிப்பட்டது. ஒரு கணினி, ஒரு புரொஜெக்டர், இணைய வசதி இருந்தால் இந்தப் பாடத்தை நடத்திவிடலாம்.

இயற்பியலாளர் கார்ல் வைமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய, அறிவியல் பாடங்களுக்கான சிமுலேஷன்களை (திரையில் செய்து பார்க்கும் சோதனைகளை) இணையத்தில் தரும் ஃபெட் (PhET) திட்டத்தில், மின்சுற்று கட்டிப் பார்க்கும் சிமுலேஷன் ஒன்று இருக்கிறது. மணி அடிப்பதற்கு முன்பே அதைத் திறந்து வைத்துவிடுங்கள். முழுதாக ஏறிவிட்டால், நடுவில் இணையம் அறுந்தாலும் ஓடும்.

ஒரு பேட்டரி, ஒரே மாதிரி இரண்டு பல்பு, ஒரு சுவிட்ச். தொடர் இணைப்பில் கட்டுங்கள். சுவிட்ச் திறந்தே இருக்கட்டும்; எலெக்ட்ரான் ஓட்டத்தைக் காட்டும் வசதியையும் அணைத்து வையுங்கள். இப்போது கேளுங்கள்: எந்த பல்பு அதிகம் ஒளிரும்?

கையைத் தூக்கச் சொல்லாதீர்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளையின் கை எழும். மற்ற கைகள் அதன் பின்னாலேயே எழும். விடையையும் காரணத்தையும் நோட்டில் எழுதட்டும். முதல் பல்பு மின்னோட்டத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிட்டு மிச்சத்தைத்தான் அடுத்ததற்கு அனுப்பும் என்று எழுதுகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். எழுதியதை வைத்துப் பக்கத்தில் இருப்பவரோடு வாதாட விடுங்கள். ஹார்வர்டின் எரிக் மசூர் 1990-களில் பரப்பிய முறை இது. சரியான விடை மிகக் குறைவாக வந்தால் முதலில் பாடத்தை மறுபடி விளக்க வேண்டும் என்பார் அவர். இந்த ஒரு பாடத்தில் நான் அப்படிச் செய்வதில்லை. தவறான கணக்கு முழு பலத்தோடு திரையில் போய் மோதட்டும்.

பிறகு சுவிட்சை மூடுங்கள். இரண்டும் ஒரே அளவில் ஒளிரும். விளக்கம் சொல்ல வாய் துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். மௌஸை ஒரு மாணவியிடம் கொடுங்கள். முதல் பல்புக்கு முன், இரண்டுக்கும் நடுவில், கடைசியில் என அம்மீட்டரை வைத்து அவள் மின்னோட்டத்தை அளக்கட்டும். மூன்று இடத்திலும் ஒரே எண்தான் வரும்.

அதன் பிறகே எலெக்ட்ரான்களைக் காட்டுங்கள். அவை திரையில் விரைந்து ஓடும். உண்மைக் கம்பியில் எலெக்ட்ரான்கள் நகர்வது பெரும்பாலும் விநாடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக. கம்பி முழுவதும் ஏற்கெனவே எலெக்ட்ரான்கள் நிறைந்திருப்பதால், சுற்று மூடியதும் எல்லா இடத்திலும் நகர்வு தொடங்கிவிடுகிறது. பல்பு உடனே எரிகிறது. இதை வாயால்தான் சொல்ல வேண்டும், திரை சொல்லாது.

பேட்டரியின் இரு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்தால் திரையில் தீப்பிடிக்கும். எப்படியும் யாராவது செய்து பார்ப்பார்கள், விட்டுவிடுங்கள். நிஜ பேட்டரியில் செய்து காட்ட முடியாததற்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

கடைசிப் பத்து நிமிடம் கணினியை அணைத்துவிட்டு, நிஜ பேட்டரியையும் டார்ச் பல்புகளையும் கொடுங்கள். இரண்டும் ஒரே அளவில் ஒளிராமல் போகலாம். "திரை பொய் சொன்னதா?" என்று கேட்பார்கள். பதில் சொல்லாமல், பல்புகளை இடம் மாற்றிப் போடச் சொல்லுங்கள். மங்கல் அந்த பல்போடு போகிறதா, அந்த இடத்திலேயே நிற்கிறதா என்று பார்த்து நோட்டில் எழுதட்டும்.