லைட் ஓபரா தம்பதியின் மேடை வரலாற்றைத் தொகுப்பது எப்படி

இங்கிலாந்தின் பழைய லைட் ஓபரா (நகைச்சுவை கலந்த இசை நாடகம்) தம்பதிகளைப் பற்றி எழுதுபவர்கள் கணவர் பெயரைப் பிடித்துக்கொண்டே போவார்கள். மனைவி பாதி வழியில் காணாமல் போய்விடுவார். அதனால் முதலில் இரண்டு தனி அட்டவணை போடுங்கள். ஒவ்வொன்றிலும் தேதி, ஊரும் தியேட்டரும், நாடகம், வேடம், ஆதாரம் என்று ஐந்து பத்தி. இரண்டும் ஓரளவு நிரம்பிய பிறகே அருகருகே வைத்துப் பாருங்கள்.

பிறகு பெயர்கள். பெரும்பாலான தேடல் இங்கேதான் தடம் புரளும். உதாரணத்துக்கு, நகைச்சுவை நடிகர் ஹென்றி லிட்டனின் இயற்பெயர் ஹென்றி ஆல்பிரட் ஜோன்ஸ். 1884இல் நடிகை லூயி ஹென்ரியை மணந்தார். அதே ஆண்டு இருவரும் கில்பர்ட்–சல்லிவன் ஓபராக்களை நடத்திய டொய்லி கார்ட் (D’Oyly Carte) கம்பெனியின் சுற்றுப்பயணக் குழுவில் சேர்ந்தபோது, உடன்பிறந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். கணவர் எச். ஏ. ஹென்ரி ஆனார். 1887 ஜனவரி கடைசியில், லண்டன் சவாய் தியேட்டரில் ‘ரடிகோர்’ ஓபரா தொடங்கிய சில நாட்களிலேயே அதன் முதன்மை நகைச்சுவை நடிகர் ஜார்ஜ் கிராஸ்மித் நோயில் விழ, மாற்று நடிகராக மேடையேறியதும் இந்த ஹென்ரிதான். லிட்டன் என்ற பெயர் அதற்குப் பிறகு வந்தது. ஆகவே ‘லிட்டன்’ என்று மட்டும் தேடினால் முதல் சில ஆண்டுகள் வெறுமையாக இருக்கும். பாடகர் வெப்ஸ்டர் பூத் 1920களில் இதே கம்பெனியில் லெஸ்லி டபிள்யூ. பூத், அவர் மனைவி ஆன் ஸீக்லர் பிறப்புப் பதிவில் ஐரீனே ஈஸ்ட்வுட். இயற்பெயர், முதல் மேடைப்பெயர், பிந்தைய மேடைப்பெயர், மணப்பெயர் நான்கையும் எழுதி வைத்துக்கொண்டு தேடுங்கள்.

திருமணத்தைத் தேட அரசுத் திருமணப் பதிவுகளின் குறியீட்டில் (index, பெயர்ப் பட்டியல்) தொடங்குங்கள். 1912க்கு முந்தைய குறியீட்டில் துணைவரின் குடும்பப்பெயர் இருக்காது. இயற்பெயர்கள் இரண்டையும் தனித்தனியாகத் தேடி, காலாண்டு, மாவட்டம், தொகுதி எண், பக்க எண் நான்கும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒரே பக்கத்தில் வேறு ஜோடிகளும் இருக்கலாம் என்பதால் சான்றிதழை வாங்கிவிடுவது நல்லது.

மக்கள்தொகைக் கணக்கில் சொந்த ஊரில் தேடிப் பயனில்லை. கணக்கெடுப்பு ஞாயிற்றுக்கிழமை இரவுக்கு உரியது (1891இல் ஏப்ரல் 5, 1901இல் மார்ச் 31). சுற்றுப்பயணக் குழுக்கள் ரயிலில் அடுத்த ஊருக்குப் போவதும் ஞாயிறுதான். எனவே அந்த வாரம் நடித்த ஊரை விட்டுவிட்டு, மறுநாள் திங்கட்கிழமை தொடங்கவிருந்த ஊரின் வாடகை விடுதிகளைத் தேடுங்கள். எந்த வாரம் எந்த ஊர் என்பது ‘தி ஈரா’, ‘தி ஸ்டேஜ்’ போன்ற நாடக வார இதழ்களில் கிடைக்கும். மின்வடிவில் தேடும்போது D’Oyly என்ற பெயரில் உள்ள மேற்கோள் குறி எழுத்துப் பிழையாக மாறியிருக்கலாம். ஊர்ப் பெயரையும் கதாபாத்திரத்தின் பெயரையும் சேர்த்துத் தேடினால் அகப்படும். கம்பெனி ஒரே சமயத்தில் பல குழுக்களை அனுப்பியது. கணவர் ஓரூரிலும் மனைவி வேறூரிலும் தெரிந்தால் உடனே பிழை என்று அடித்துவிடாதீர்கள்.

நிகழ்ச்சித் தாள்களில் கிழமையும் தேதியும் இருக்கும், ஆண்டு இருக்காது. ‘திங்கள், மார்ச் 7’ என்றால் 1887, 1892, 1898 மூன்றும் பொருந்தும். அதில் ‘தி கோண்டோலியர்ஸ்’ இருந்தால் 1887 கழிந்தது. அது 1889 டிசம்பரில்தான் அரங்கேறியது. தாள் அச்சானபின் நடிகர் மாறுவது சகஜம் என்பதால், மறுநாள் விமர்சனம் கிடைத்தால் அதையே நம்புங்கள்.

நம் மேடையில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட் என்று பிரிப்பது போல அங்கே பிரிப்பது குரல். ஆகவே தம்பதி என்பதால் காதலர் வேடம் கிடைத்துவிடாது. குரலை வைத்து ஆளைத் தீர்மானிப்பதும் ஆபத்து. டொய்லி கார்ட் இசை இயக்குநர் இசிடோர் காட்ஃப்ரேயின் மனைவி ஆன் டிரம்மண்ட்-கிராண்ட் 1930களில் சோப்ரானோ (உயர்ந்த பெண் குரல்), 1950களில் அதே கம்பெனியின் முதன்மை காண்ட்ரால்டோ (தாழ்ந்த பெண் குரல்). இரண்டு பேர் என்று நினைத்துப் பிரித்துவிட வாய்ப்புண்டு. டாரல் ஃபேன்கோர்ட் 1920 முதல் 1953 வரை ‘மிகாடோ’ போன்ற வேடங்களில் நின்றவர். அவர் மனைவி எலினர் எவன்ஸ் 1949 முதல் 1953 வரை மேடை இயக்கத்தைக் கவனித்தார். வேடப் பட்டியலை மட்டும் பார்த்தால் அந்த நான்கு ஆண்டுகள் தப்பிவிடும். நிர்வாகப் பெயர்களையும் படியுங்கள்.

இசைத்தட்டு மேடைக்குச் சாட்சி ஆகாது. 1929இல் எச்.எம்.வி. வெளியிட்ட ‘தி பைரேட்ஸ் ஆஃப் பென்சான்ஸ்’ பதிவில் மேஜர் ஜெனரல் வேடத்தில் பாடியவர் ஜார்ஜ் பேக்கர். மேடையில் அப்போது அந்த வேடம் லிட்டனுடையது. இசைத்தட்டுகளை வேறு அட்டவணையில் வையுங்கள்.