கொழும்பில் நின்று காட்டுக்குப் போகிறவர்களுக்கு: வாசலில் நடக்கக்கூடியது

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்தால் வெள்ளவத்தையில் ஒரு சொந்தக்கார வீடு, கடை, கோயில், கலியாணம் என்று நாள் முடிந்துவிடும். அதற்குள் ஒரு நாளை ஒதுக்கி மரங்களுக்குள் நடந்துவிட்டு வாருங்கள். எங்கே போவது என்பதை உங்களுடன் வருகிறவரின் முழங்காலைக் கேட்டு முடிவெடுங்கள்.

வயதானவர்கள் வந்தால் பெத்தகான ஈரநிலப் பூங்கா அல்லது தலவத்துகொடையில் தியசரு பூங்கா. இரண்டுக்கும் ஓட்டோவிலேயே போய்வரலாம். ஏற்றம் கிடையாது. விடியவே போனால் வெயிலுக்கு முன் கொக்கு, நீர்க்காகம் எல்லாம் பார்த்துவிடலாம். கொழும்புக்கு 2018இல் ராம்சர் என்ற பன்னாட்டு ஈரநில உடன்படிக்கையின்கீழ் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது இப்படியான சதுப்புகளால்தான்.

உண்மையான மழைக்காடு வேண்டுமென்றால் சிங்கராஜா. 1988இலிருந்து உலக மரபுரிமைக் காடு. இரத்தினபுரி, கலவானைப் பக்கமாகக் குடாவ வாசலுக்குப் போவதென்றால் இருட்டோடு வெளிக்கிட வேண்டும். வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். ஆய்வு நிலையம் வரை போகும் பாதை அகலமானது, எழுபதுகளில் மரம் தறித்து ஏற்றிய பாதை; சிறுவர்களும் நடப்பார்கள். முலாவெல்ல உச்சிக்கு அரை நாள் வேண்டும், கடைசிப் பகுதி செங்குத்து. சிங்ஹகல முழு நாள், நல்ல பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும். ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு.

இனி நுழைவு ரிக்கெட் விஷயம். இதைக் கவனமாக வாசியுங்கள்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு என்றால் வெளிநாட்டுக் கட்டணம்தான், உள்ளூர்க் கட்டணத்தைவிடப் பல மடங்கு. எங்கே பிறந்தீர்கள் என்பது கணக்கில் இல்லை. இரட்டைக் குடியுரிமையும் தேசிய அடையாள அட்டையும் இருந்தால் அட்டையை மறக்காமல் கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் முதல்நாள் இரவே வீட்டில் இதைச் சொல்லி முடித்துவிடுங்கள்.

ஒரு காட்டு வாசலில் என் மாமா, "நீ பேசாம நில், நான் கதைக்கிறன்" என்று முன்னால் போனார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் மாமாவின் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு என்னுடையதைக் கேட்டார். மாமா என் கடவுச்சீட்டை விரித்து, பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்த வரியில் விரலை அழுத்திக்கொண்டு நின்றார். சட்டம் இதுதான் என்றார் அந்த ஆள். மாமா குரலை உயர்த்தினார், பிறகு கெஞ்சினார். எழுபது வயதைத் தாண்டிய மனிதர், தன் பேரன் வயதுப் பையனிடம் சிங்களத்தில் "இவன் எங்கட பிள்ளை" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. நான் காசை நீட்ட நீட்ட என் கையைத் தட்டிவிட்டார். கடைசியில் உள்ளே போனபோது மழை இருட்டிக்கொண்டு வந்தது. இனிக் குட்டைப் பாதைதான் என்றார் வழிகாட்டி.

அவர் மல்லுக்கு நின்றது காசுக்காக இல்லை. வெளிக்கிட்டுப் போன பிள்ளைகளில் ஒருவனையாவது இன்னும் இந்த ஊர்க்காரன் என்று யாராவது எழுதித்தர வேண்டும் என்று நினைத்தார். திரும்பி வரும் வழியில் வான் வண்டிக்குள் ஒரு சொல் பேசவில்லை. அவரை அந்த வாசலில் நிற்கவைக்கும் உரிமை எனக்கில்லை. ஆகவே பெரியவர்களை வண்டியிலேயே இருத்திவிட்டு, ரிக்கெட்டை நீங்களே போய் எடுங்கள். விலையையும் அவர்களிடம் சொல்லாதீர்கள்.

காட்டில் அட்டைப்பூச்சி கடிக்கும், அட்டைக் காலுறையை முழங்கால் வரை இழுத்துக் கட்டினால் போதும்.

அப்புறம், மலைநாட்டில் ஹோட்டன் சமவெளி. சுற்றுப்பாதை ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர், நடை அவ்வளவு கடினமில்லை. ஆனால் காலை பத்து மணிக்குள் அங்கே உலக முடிவு (World's End) என்ற செங்குத்து மலைவிளிம்பை மூடுபனி மூடிவிடும். "வான் பிடிச்சா ஒரே நாளில போட்டு வரலாம்" என்று வீட்டில் சொல்வார்கள். கேட்காதீர்கள். முதல்நாள் இரவு நுவரெலியாவில் தங்குங்கள்.