ஃப்ளூ ஊசியைக் கட்டாயமாக்கும்போது மருத்துவமனைகள் சறுக்கும் இடங்கள்

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உள்ள வர்ஜீனியா மேசன் மருத்துவமனை, 2005-ல் தன் ஊழியர்கள் எல்லோருக்கும் ஃப்ளூ தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது. அதுவரை பாதிப் பேருக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் போட்டுவந்தார்கள். முதல் ஆண்டிலேயே அது 97 சதவீதத்தைத் தாண்டியது. ஆனால் நர்ஸ்களின் சங்கம் அந்த விதியை எதிர்த்து வென்றது. சங்கத்தோடு பேசாமல் நிர்வாகம் தானாக விதித்தது செல்லாது என்பதே தீர்ப்பின் சாரம். 2007-ல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. நல்ல நோக்கத்தோடு வந்த விதிதான். பேசாமல் விட்டது முதல் தவறு.

அடுத்த தவறு, ஊசியைப் பற்றி மிகைப்படுத்திச் சொல்வது. என் பார்வையில் எல்லாவற்றிலும் இதுதான் அதிகச் சேதம் செய்கிறது. அந்த ஆண்டு பரவும் வைரஸோடு தடுப்பூசி நன்றாகப் பொருந்தினால், மருத்துவரிடம் போகும் அளவுக்கு ஃப்ளூ வரும் வாய்ப்பு சுமார் 40 முதல் 60 சதவீதம் வரை குறையும். பொருந்தாத ஆண்டில் பலன் இன்னும் குறைவு. இதை மறைத்து, "போட்டுக்கொண்டால் ஃப்ளூ வரவே வராது" என்று சொல்லிவிட்டால், ஊசி போட்ட ஒரு நர்ஸ் காய்ச்சலில் படுத்ததுமே வார்டு முழுவதும் நம்பிக்கை போய்விடும். உள்ளதைச் சொல்லுங்கள். கை வலிக்கலாம், ஓரிரு நாள் உடம்பு வலியும் லேசான காய்ச்சலும் வரலாம். ஆனால் ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லாததால் அதனால் ஃப்ளூ வராது. மூக்கில் தெளிக்கும் மருந்து வேறு. அதில் இருப்பது வலுவிழந்த உயிருள்ள வைரஸ்.

சரி, சுற்றறிக்கை போயாயிற்று. மருந்து கையில் இருக்கிறதா? நியூயார்க் மாநிலம் 2009-ல் சுகாதார ஊழியர்களுக்குத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கிவிட்டு, தட்டுப்பாடு வந்ததும் அக்டோபரிலேயே அதை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. போட்ட பிறகு எதிர்ப்பாற்றல் உருவாகச் சுமார் 2 வாரம் ஆகும் என்பதால், பரவல் தொடங்கிய பிறகு கெடு வைப்பதில் பெரிய பயன் இல்லை. பகல் 10 மணி முதல் 4 மணி வரை மட்டும் ஊசி போட்டால் இரவு ஷிப்ட் ஆட்கள் எப்போது வருவார்கள்? மருந்துதான் வார்டுக்குப் போக வேண்டும்.

பட்டியலில் விடுபடுகிறவர்களையும் பாருங்கள். டாக்டர், நர்ஸ் என்று எண்ணிவிட்டு, தரை துடைப்பவரை, சாப்பாடு கொண்டுவருபவரை, ஸ்ட்ரெச்சர் தள்ளுபவரை, பயிற்சி மாணவரை மறந்துவிடுகிறோம். ஒப்பந்த ஆட்கள் என்பதால் அவர்கள் நம் கணக்கில் வருவதில்லை. நோயாளியின் படுக்கைக்கு ஒரு முழம் தூரத்தில் நிற்பவர்கள் அவர்கள்தான். கேட்டு வாங்கும் நிலையில் இல்லாதவர்களும் அவர்கள்தான்.

விலக்கு கேட்பவர்களைச் சந்தேகத்தோடு பார்ப்பதும் தவறு, விதியைப் பழைய காகிதத்தில் வைத்திருப்பதும் தவறு. முந்தைய ஊசிக்குக் கடும் ஒவ்வாமை வந்திருந்தால் அது உண்மையான காரணம். முட்டை ஒவ்வாமைக்குத் தனி முன்னெச்சரிக்கை தேவையில்லை என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2023-ல் சொல்லிவிட்டது. பல படிவங்கள் இன்னும் மாறவில்லை.

போடாதவர்கள் சீசன் முழுக்க மாஸ்க் அணிய வேண்டும் என்ற விதியையும் யோசித்தே வையுங்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2015-லும் 2018-லும் தொழிலாளர் தகராறுகளைத் தீர்க்கும் நடுவர்கள் அதை ஏற்கவில்லை. நோய்ப் பரவலை அது குறைக்கும் என்பதற்குச் சான்று போதாது என்றார்கள்.

அப்புறம், எல்லோரும் ஊசி போட்டாயிற்று என்று காய்ச்சலோடு வருபவரை வேலையில் நிறுத்துவது. ஃப்ளூ வந்தவர் அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பரப்பத் தொடங்கி, பிறகும் 5 முதல் 7 நாள் வரை பரப்பக்கூடும். சம்பளத்தோடு விடுப்பு இல்லாதவர் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கு வரத்தான் செய்வார். ஊசிக்கான உத்தரவில் கையெழுத்து வாங்கும் அன்றே அந்த விடுப்புக்கான உத்தரவையும் சேர்த்துக் கொடுங்கள்.