காற்றில் ஒரு தொடுபுள்ளி: மீயொலிக் கிண்ணம் செய்யும் முறை

வெறுங்காற்றில் நீட்டிய உள்ளங்கையில் ஏதோ மெல்லத் துடிக்கும். அங்கே பொருள் எதுவும் இல்லை. குவிந்த மீயொலியின் (மனிதக் காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண் ஒலியின்) அழுத்தம்தான் தோலை அமுக்குகிறது. டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் இதைச் செய்து காட்டினார்கள். குவியத்தை நகர்த்த வேண்டுமானால் நிறைய சர்க்யூட் தேவை. முதல் முயற்சிக்கு அது வேண்டாம். மின்சாரத்தை ஒலியாக்கும் டிரான்ஸ்டியூசர்களைக் கிண்ணத்தில் பதித்தால் அந்த வளைவே ஒலியைக் குவித்துவிடும்.

வேண்டியவை: 16 மி.மீ. விட்டமுள்ள 40 கிலோஹெர்ட்ஸ் டிரான்ஸ்டியூசர் 61 (டிரான்ஸ்மிட்டர் வகை, ஐந்தாறு கூடுதலாக), ஆர்டுயினோ நானோ (நிரல் எழுதி இயக்கும் சிறு போர்டு), எல்298என் மோட்டார் டிரைவர் போர்டு, 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர், 150 மி.மீ. ஆரமுள்ள கோளத்தின் துண்டாக 3டி பிரிண்ட் செய்த கிண்ணம். மின் அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப் ஒன்றை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 1: துருவம் பாருங்கள். பலர் தோற்பது இங்கேதான். காலில் உள்ள குறியை நம்பாதீர்கள். ஒன்றை 40 கிலோஹெர்ட்ஸில் ஓட்டி, மற்றவற்றை ஒவ்வொன்றாக அதன் எதிரே வைத்து ஆசிலோஸ்கோப்பில் அலையைப் பாருங்கள். தலைகீழாக வந்தால் கால்களை மாற்றி, நேராக வரும் காலுக்குச் சிவப்பு மை வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே தாங்கியில் ஒரே தூரத்தில் வைப்பது கட்டாயம். அலைநீளமே 8.6 மி.மீ.தான், 4.3 மி.மீ. நகர்ந்தால் நேரானதும் தலைகீழாகத் தெரியும். தவறாக மாட்டிய ஒன்று, சரியான இன்னொன்றின் வேலையையும் அழித்துவிடும்.

படி 2: அறுகோண வரிசையில் பொருத்தி, ஓரத்தில் மட்டும் பசை வையுங்கள். முகப்பு வலையில் பசை படக் கூடாது. ஆழம் 1 மி.மீ.க்கு மேல் பிசகக் கூடாது.

படி 3: சிவப்புக் கால்களை ஒரு கம்பியிலும் மற்றவற்றை இன்னொன்றிலும் பற்றவையுங்கள். 31, 30 எனப் பிரித்து டிரைவரின் இரு வெளியீடுகளுக்கும் கொடுங்கள். நானோவின் 9-ஆம் பின் டிரைவரின் இன்1, இன்3-க்கு. 10-ஆம் பின் இன்2, இன்4-க்கு. இரண்டு எனேபிள் ஜம்பர்களையும் கழற்றி எனேபிள் பின்களை நானோவின் 5-ஆம் பின்னுடன் இணையுங்கள். கிரவுண்ட் பொதுவாக இருக்கட்டும்.

படி 4: வழக்கமான அனலாக்ரைட் கட்டளை 490 ஹெர்ட்ஸ்தான் தரும், உதவாது. நானோவின் உள்ளே உள்ள டைமர் 1-ஐ நேரடியாக அமையுங்கள். 16 மெகாஹெர்ட்ஸை 400-ஆல் வகுத்தால் 40 கிலோஹெர்ட்ஸ். எனவே உச்ச எண் 399. 10-ஆம் பின் 9-க்கு எதிர்மாறாக ஓட வேண்டும். 5-ஆம் பின்னை 2.5 மில்லிவினாடி ஏற்றி, அதே நேரம் இறக்கி வையுங்கள். அதுதான் 200 ஹெர்ட்ஸ் துடிப்பு. இது இல்லாவிட்டால் எதுவும் தெரியாது: மாறாத மெல்லிய அழுத்தத்தைத் தோல் உணர்வதில்லை, அதிர்வு உணரும் நரம்புமுனைகள் 200 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் கூர்மையாக இருக்கும்.

முதலில் டிஷ்யூத் துண்டைக் கிண்ணத்தின் நடு அடியிலிருந்து 15 செ.மீ. மேலே பிடியுங்கள். ஏறக்குறைய 9 மி.மீ. அகலத்தில் ஓரிடம் நடுங்கினால், அங்கே உள்ளங்கையைக் காட்டுங்கள். முரலும் சத்தம் கேட்பது இயல்புதான். ஆனால் காதையோ கண்ணையோ குவியத்தில் வைக்கவே கூடாது. நாயும் பூனையும் 40 கிலோஹெர்ட்ஸைக் கேட்கும். அவற்றை வேறு அறையில் விடுங்கள்.

துடிப்பை 40 ஹெர்ட்ஸுக்குக் குறைத்தால் கொரகொரப்பாகத் தோன்றும். இடைவெளிகளை ஒழுங்கில்லாமல் மாற்றிக்கொண்டே கையை மெதுவாக நகர்த்திப் பாருங்கள். தொடர்ந்து ஓட்டினால் டிரான்ஸ்டியூசர்கள் சூடாகி அவற்றின் ஒத்ததிர்வு 40 கிலோஹெர்ட்ஸிலிருந்து விலகும், துடிப்பும் மங்கும். அணைத்து, ஆறவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.